ரெண்டு எஞ்சின் ஜம்போ

என் வீட்டுக்காரர் செய்யது அபுதாஹிரைப் பற்றி யாராவது சொல்ல வேண்டும் என்றால் அது நானாகத்தான் இருக்க முடியும். அவரோடு இத்தனை வருஷம் சண்டை போட்டவள் வேறு யாரும் இல்லை. சண்டை என்றாலும் பேச்சு முழுக்க என்னுடையதுதான். மனுஷர் நாலு வார்த்தை சேர்ந்தாற்போல் பேசினால் அன்றைக்குச் சிவகாசியில் மழை பெய்யும். எங்கள் ஊரில் மழை எவ்வளவு பெய்கிறது என்று உங்களுக்கே தெரியும்.

எங்களுக்கு ஒரு சின்னப் பஞ்சிங் பட்டறை. பட்டாசுப் பெட்டி, தீப்பெட்டி, மிட்டாய்ப் பெட்டி என்று அச்சடித்த அட்டைகள் வரும். அதை அளவாக வெட்டி, மடிக்கிற இடத்தில் கோடு அழுத்திக் கொடுப்பது எங்கள் வேலை. வெட்டுகிற டையைப் பலகையில் பிளேடு பதித்து அவரே செய்வார். இந்தத் தொழிலில் ஒரு முறை உண்டு. எந்த ஆர்டராக இருந்தாலும் முதலில் வெறும் வெள்ளை அட்டையில் ஒரு டம்மி செய்து பார்ட்டியிடம் காட்ட வேண்டும். பார்ட்டி அதைத் திருப்பிப் பார்ப்பார், மூடித் திறப்பார், உள்ளே சரக்கை வைத்துக் குலுக்குவார், குறை சொல்வார். அந்தத் திருத்தத்தைச் செய்து மறுபடி ஒரு டம்மி. எல்லாம் சரி என்று பட்டால்தான் டம்மியின் அடியில் 'ஓகே' என்று எழுதிக் கையெழுத்துப் போடுவார். சீசன் நேரத்தில் 'ஓகே. அர்ஜன்ட்' என்று எழுதாத பார்ட்டியே கிடையாது.

அந்தக் கையெழுத்து விழாமல் என் வீட்டுக்காரர் மெஷினைத் தொட மாட்டார். என் கூடப்பிறந்த தம்பி சாபிர் மிட்டாய்க்கடை திறந்தபோது, "மச்சான், நம்ம கடைதானே, அடிச்சு விடுங்க" என்றான். இவர் டம்மியை நீட்டிப் பேனாவையும் நீட்டினார். அவன் இன்றைக்கும் அதைச் சொல்லி முறுக்கிக்கொள்கிறான். பார்ட்டி குறை சொல்லாவிட்டால் இவரே சொல்வார். பெட்டியில், பந்தலில், நான் வைக்கிற நெய்ச்சோற்றில், எதைப் பார்த்தாலும் "ஒரு திருத்தம் இருக்கு" என்பார். திருத்தம் இல்லை என்று அவர் வாயால் சொல்லி நான் கேட்டதே இல்லை.

எங்களுக்கு ஒரே மகள், சுமைரா. மருமகன் நவ்ஷாத்தோடு துபாயில் இருக்கிறாள். போன வருஷம் நோன்புப் பெருநாள் கழிந்ததும் எனக்கு டிக்கெட் எடுத்து அனுப்பினாள். நான் மதுரை விமான நிலைய வாசல் வரை போனேன். உள்ளே ஒரு எட்டு வைத்தேன். அப்படியே திரும்பி வந்து காரில் உட்கார்ந்துகொண்டேன். பயம், வேறு ஒன்றும் இல்லை. விருதுநகர் பொருட்காட்சியில் ராட்டினம் சுற்றும்போதே கீழே நின்று மற்றவர்கள் செருப்பைக் காவல் காக்கிற ஆள் நான். கால் தரையில் பாவாத இடத்தில் என்னை உட்கார வைத்தால் நான் என்ன செய்வேன்? சுமைரா கோபப்பட்டிருந்தால் பதிலுக்கு நாலு கத்து கத்தியிருப்பேன். அவள் கோபப்படவில்லை. "சரிம்மா, விடு" என்றாள். அந்த 'விடு' இன்னும் என் நெஞ்சில் முள்ளாகக் கிடக்கிறது.

இந்த வருஷம் அவள் உண்டாகியிருந்தாள். தலைப்பிரசவத்துக்கு இங்கே கூட்டி வந்துவிடலாம் என்று நான் அறையைக்கூட வெள்ளையடித்து வைத்திருந்தேன். வயிற்றில் ஏதோ சிக்கல், பயணமே கூடாது என்று அங்கே டாக்டர் சொல்லிவிட்டார். நவ்ஷாத்துக்கு அம்மா இல்லை. அப்படியென்றால் போக வேண்டியது நான்தான். தீபாவளி சீசன், பட்டறையைப் பூட்டிவிட்டு இவர் வர முடியாது. "நீ வருவியாம்மா?" என்று சுமைரா கேட்டாள். கேட்ட விதத்திலேயே, நான் வர மாட்டேன் என்று அவள் முடிவு கட்டிவிட்டது தெரிந்தது. "வாறேன்" என்றேன்.

இவர் பக்கத்தில் உட்கார்ந்து டீ குடித்துக்கொண்டிருந்தார்.

"கமரு, ஒனக்கு எதுல பயம்?"

"விமானத்துலதான்."

"அதுல எதுல?"

"எல்லாத்துலயும்."

டீயைக் குடித்து முடித்தார். பிறகு, "ஒரு டம்மி போட்டுத் தாரேன்" என்றார்.

"எதுக்கு டம்மி?"

"விமானத்துக்கு. நீதான் பார்ட்டி. குறை சொல்லு, திருத்தித் தாரேன். சரின்னு பட்டா அடியில ஓகே போடு. ஓகே போட்டாத்தான் பயணம்."

எனக்குக் கோபம் வந்துவிட்டது. "நான் என்ன பச்சப்புள்ளையா? விளையாட்டுச் சாமான் செஞ்சு காட்டி ஏமாத்தப் பாக்குறீகளா?"

"ஏமாத்தல. பார்ட்டி பாக்காம ஒரு லோடுகூட என் பட்டறையிலேருந்து போனதில்ல. ஒன்னைய மட்டும் எப்படி அனுப்புவேன்?" என்றார். அவர் இவ்வளவு சேர்ந்தாற்போல் பேசி நான் கேட்டதே இல்லை.

எந்த விமானம் வேண்டும் என்று கேட்டார். "பளகுனதா இருக்கணும்" என்றேன். "நேத்துப் பெஞ்ச மழையில முளைச்சதெல்லாம் எனக்கு வேண்டாம். நம்ம குக்கர் மாதிரி, இம்புட்டு வருசம் ஓடுனதா பாருங்க." போனில் தேடித் தேடி ஒரு படம் காட்டினார். பழைய ஜம்போ. ஐம்பது வருஷத்துக்கும் மேலாக உலகம் முழுக்க ஆளேற்றிப் பறந்த விமானம், முன்பக்கம் தலைக்கு மேல் காளை மாட்டுத் திமில் மாதிரி ஒரு மாடி. எஞ்சின் எத்தனை என்று கேட்டேன். நாலு என்றார். ஒன்று நின்றால் மூன்று இருக்கிறது. "இதையே போடுங்க" என்றேன்.

முதல் டம்மி பெட்டிக்காரன் செய்த விமானமாகத்தான் வந்தது. நாலு பக்கமும் சதுரம், மடிப்பெல்லாம் கச்சிதம், இரண்டு பக்கமும் இறக்கை. "இது விமானமா, பாம்பு மாத்திரை டப்பாவா?" என்றேன். அவர் முகம் கொஞ்சமும் மாறவில்லை. "உருண்டையா வேணும். சரி" என்று எடுத்துக்கொண்டு போய்விட்டார். பார்ட்டி என்ன சொன்னாலும் கோபப்படக் கூடாது என்பது அவர் தொழில் தர்மம். நான் வெறும் பெண்டாட்டியாக இருந்து அதைச் சொல்லியிருந்தால் கோபத்தில் அன்றைக்குச் சாப்பிட்டிருக்க மாட்டார்.

உருண்டைக்கு அவர் போனது பாண்டிமுருகனிடம். ஆனைக்குட்டத்துப் பக்கம் சின்னதாகப் பட்டாசுக் கம்பெனி வைத்திருக்கிற பையன். எங்களிடம்தான் பெட்டி அடிக்கிறான். அவன் கம்பெனியில் காகிதத்தைச் சுற்றிச் சுற்றிப் பசை போட்டுக் காய வைத்த குழாய்கள் குவிந்து கிடக்கும். வெயிலில் காய்ந்தால் மூங்கில் மாதிரி இறுகிவிடும். அவனே வண்டியில் வந்து, "மதினி, ஒங்க விமானத்துக்கு இம்புட்டு உறுதியான குளாய் அமெரிக்காவுலகூடக் கிடைக்காது" என்று இரண்டு அங்குல அகலத்தில் ஒரு குழாயைக் கொடுத்துவிட்டுப் போனான். அந்தக் குழாயின் அகலத்தையும் நிஜ ஜம்போவின் அகலத்தையும் வைத்து இவர் கணக்குப் போட்டார். நூற்று முப்பதில் ஒரு பங்கு. அந்தக் கணக்கை வைத்து நீளம், இறக்கை, வால் எல்லாவற்றையும் அளந்தார். மூக்குக்குப் புஸ்வாணக் கூம்பு ஒன்றைப் பசையில் ஊற வைத்து அமுக்கி உருட்டினார். திமிலுக்கு அட்டைத் துணுக்குகளை ஒன்றின்மேல் ஒன்றாக ஒட்டி உப்புத்தாளால் தேய்த்தார். சன்னல் வரிசை வெட்டுவதற்கென்றே அரிசி அகலத்தில் ஒரு டை செய்தார். சீசன் நேரத்தில் ஒரு மனுஷர் இதற்கென்று டை செய்கிறார் என்றால் பார்த்துக்கொள்ளுங்கள்.

மேல்பாதி மூடி மாதிரித் திறக்கும். உள்ளே எட்டிப் பார்த்தால் இருக்கைகள். நீளமான அட்டையில் நெருக்கமாகக் கோடு அழுத்தி மடித்தால் ஒவ்வொரு மடிப்பும் ஒரு வரிசை இருக்கையாக நிற்கும். தனித்தனியாகச் செய்ய வேண்டியதில்லை. அதைப் பார்த்ததும் எனக்கு உள்ளுக்குள் பெருமையாகத்தான் இருந்தது. வெளியே சொல்லவில்லை. பார்ட்டி அப்படியெல்லாம் சொல்லக் கூடாது.

"கக்கூஸ் எங்க?" என்றேன். மறுநாள் கக்கூஸ் வந்தது. "நான் எங்கன உக்காருவேன்? சன்னலோரம் வேண்டாம்." என் பழைய பச்சைச் சேலையிலிருந்து ஒரு நூலை எடுத்து, இறக்கைக்கு நேராக நடைபாதை ஓரத்து இருக்கையில் ஒட்டினார். "இங்கன." இறக்கை நுனியைப் பிடித்துத் தூக்கினேன், அது வளைந்தது. "ஆத்தி, இது வளையுது" என்றேன். "நெசமாவே வளையும். வளையுற மாதிரிதான் செய்யுறாகளாம்" என்று போனில் ஒரு படம் போட்டுக் காட்டினார். நிஜ இறக்கை காற்றில் மேலே தூக்கி, கீழே இறங்கி, பறவைக்குச் சிறகு ஆடுவது போல ஆடியது. நான் அந்தப் படத்தை முழுசாகப் பார்க்கவில்லை. பாதியில் எழுந்து அடுப்படிக்குப் போய்விட்டேன். பிறகு நானே வந்து மறுபடி போடச் சொன்னேன். சக்கரத்துக்குப் பழைய சட்டைப் பொத்தான்கள். எண்ணிப் பார்த்தால் பதினெட்டு. லாரியைக் காட்டிலும் அதிகம் என்பதால் அந்தச் சக்கரங்கள் மட்டும் முதல் பார்வையிலேயே எனக்குப் பிடித்துப்போயின.

இப்படி நான் ஒவ்வொன்றாகக் குறை சொல்லச் சொல்ல, அது ஒவ்வொன்றாக என் கைக்குப் பழகிக்கொண்டே வந்தது. இது எனக்கு அப்போது தெரியவில்லை. அவருக்குத் தெரிந்திருக்கும், தெரிந்தாலும் சொல்லவா போகிறார்?

டிக்கெட் வந்த அன்றைக்கு மத்தியானம் சாப்பிட உட்கார்ந்தவர் சோற்றைப் பிசைந்துகொண்டே இருந்தார், வாய்க்குப் போகவில்லை. மனுஷர் எதையோ முழுங்கிக்கொண்டிருக்கிறார் என்று புரிந்துவிட்டது.

"என்னன்னு சொல்லுங்க."

"ஜம்போ மதுரைக்கு வராது."

"வராட்டி?"

"நீ போற விமானம் வேற. சின்னது. இப்ப ஜம்போவுல ஆளேத்துறதே ரொம்பக் கொறஞ்சு போச்சாம்."

"எஞ்சின் எத்தனை?"

சோற்றைப் பார்த்துக்கொண்டே, "ரெண்டு" என்றார்.

எனக்கு வந்ததே ஆத்திரம். "டம்மி ஒண்ணு, ஓடுற சரக்கு ஒண்ணா? எவனாவது ஒங்ககிட்ட இப்படிச் செஞ்சா நீங்க சும்மா விடுவீகளா?" என்று கத்தினேன். "ஆரம்பத்துலயே தெரியுமா?" என்று கேட்டேன். தெரியும் என்றார். "நாலுன்னதும் ஒன் மொகத்துல ஒரு தெளிச்சி வந்துச்சு. அதான் சொல்ல வாய் வரல. ஆனா தப்பான டம்மிய வச்சு ஓகே வாங்க என்னால முடியாது" என்றார். நான் தட்டை எடுத்துக்கொண்டு எழுந்துவிட்டேன். அதற்குப் பிறகு அவரோடு பேசவில்லை. அவரும் டம்மியை மேசையில் வைத்தபடி அதைப் பார்க்காமலே பட்டறைக்குப் போய் வந்துகொண்டிருந்தார்.

கோபம் அவர் மேலா? இல்லை. போகாமலிருக்க ஒரு காரணம் கிடைத்துவிட்டது என்று ஒரு மனசு சந்தோஷப்பட்டதே, அதன் மேல்தான் கோபம். அந்தச் சந்தோஷத்தை நினைத்து எனக்கே அசிங்கமாக இருந்தது. அங்கே ஒருத்தி வயிற்றைப் பிடித்துக்கொண்டு அம்மாவை எதிர்பார்த்து உட்கார்ந்திருக்கிறாள், இங்கே நான் எஞ்சினை எண்ணிக்கொண்டிருக்கிறேன்.

ஒரு சாயங்காலம் அவர் உள்ளே வரும்போது நான் மேசைக்கு முன்னால் ஜம்போவை வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தேன். அவர் பார்க்க, பிளேடை எடுத்து ஓரத்து எஞ்சின்கள் இரண்டையும் அறுத்து எடுத்தேன். பசை இருந்த இடம் பழுப்பாகத் தெரிந்தது.

"இப்பச் சொல்லுங்க. இதுல ஒண்ணு நின்னு போச்சுன்னா?"

"மத்ததை வச்சுப் பறந்து, எறக்கிருவாகளாம். ஒத்த எஞ்சின்ல எறக்குறதுக்குத்தான் அம்புட்டுப் பயிற்சியும் குடுப்பாகளாம்."

"சத்தியமா?"

"சத்தியமா."

இந்த மனுஷர் வெயிலைக்கூட அளந்து சொல்கிற ஆள். சத்தியம் என்று சொன்னால் சத்தியம்தான். "சரி, சாப்பிட வாங்க" என்றேன். ஆனால் கையெழுத்துப் போடவில்லை. "நெசமான விமானத்துல உக்காந்து, இதையும் அதையும் ஒத்துப் பாத்துத்தான் போடுவேன். கையோட கொண்டு போறேன்" என்று சொல்லிவிட்டேன். சில பார்ட்டிகள் அப்படித்தான், மெஷினில் ஓடும்போது பக்கத்தில் நின்று பார்த்துத்தான் ஓகே சொல்வார்கள். அவர் மறுபேச்சுப் பேசாமல் இறக்கைகளைப் பெட்டி மூடி மாதிரிச் செருகிக் கழற்றுகிறபடி செய்து, ஒரு துணிப்பையும் தைத்துக் கொடுத்தார்.

பயணத்தன்று பாண்டிமுருகன் காரை ஓட்டினான். நான் மடியில் துணிப்பையை இறுக்கிப் பிடித்துக்கொண்டு, ஆமத்தூர் தாண்டுவதற்குள் தெரிந்த துஆ எல்லாம் ஓதி முடித்துவிட்டேன். இவர் முன்சீட்டில் உட்கார்ந்து ரோட்டைப் பார்த்துக்கொண்டே வந்தார். விமான நிலைய வாசலில் இறங்கியதும் பெட்டியைத் தள்ளுவண்டியில் வைத்துவிட்டு, "நான் இங்கனதான் நிப்பேன். விமானம் மேல போறவரைக்கும் நகர மாட்டேன்" என்றார். திரும்பி வந்தாலும் ஆள் இருக்கும் என்று அதற்கு அர்த்தம். என்னைத் திட்டாமல், கெஞ்சாமல், அப்படி ஒரு வழியையும் விட்டு வைத்தாரே என்று நெஞ்சு நிறைந்துபோனது.

இந்தத் தடவை உள்ளே போய்விட்டேன். பெட்டியைப் போட்டுச் சீட்டு வாங்கி நிமிர்ந்தபோது நவ்ஷாத் போன் செய்தார். "மாமி, பயப்படாதீங்க. சுமைராவுக்கு வலி எடுத்துருச்சு. ஆஸ்பத்திரிக்கு வந்துட்டோம். நாள் இருக்குன்னுதான் நெனச்சோம். ஒங்களையேதான் கேட்டுக்கிட்டு இருக்கா." யா அல்லாஹ் என்று மட்டும்தான் எனக்குச் சொல்ல வந்தது.

ஓட்டமும் நடையுமாகச் சோதனை செய்கிற இடத்துக்குப் போனேன். கைப்பை போனது, துணிப்பையை நிறுத்திவிட்டார்கள். சீருடை போட்ட ஒரு பெண் அதைத் திறந்து, இறக்கைகளைச் செருகிப் பார்த்தது. சிரித்த முகம், தேனிப் பக்கத்துப் பேச்சு.

"ஜம்போவாம்மா? அழகா இருக்கே. ஆனா ரெண்டு எஞ்சின்தான் இருக்கு?"

"மதுரையிலேருந்து போறதுக்கு ரெண்டு போதும்மா" என்றேன்.

அந்தப் பெண் சிரித்துக்கொண்டே ஒரு சின்ன வெள்ளைத் துண்டால் ஜம்போவின் உடம்பைத் துடைத்து, அதைப் பக்கத்திலிருந்த மெஷினில் வைத்தது. மெஷின் கத்தியது. முகத்தில் சிரிப்பு நின்றுவிட்டது. வேறொரு துண்டால் துடைத்து வைத்தது. மறுபடியும் கத்தியது. பின்னால் நின்றவர்களை வேறு வரிசைக்கு மாற்றினார்கள். மீசை வைத்த பெரிய அதிகாரி ஒருவர் வந்தார்.

"இது எங்க வாங்குனதும்மா?"

"வாங்கல. எங்க வீட்டுக்காரர் செஞ்சது."

"அவர் என்ன வேலை பாக்குறார்?"

"சிவகாசி."

"ஊரைக் கேக்கல, வேலையக் கேட்டேன்."

"எங்க ஊருல ரெண்டும் ஒண்ணுதாங்க" என்று சொல்லும்போதே எனக்குப் புரிந்துவிட்டது. பாண்டிமுருகனின் குழாய். அவன் கம்பெனியில் வெடிமருந்து செலுத்தி, சரியில்லை என்று கொட்டிவிட்டு ஓரமாகப் போட்ட குழாயைக் கொடுத்திருக்கிறான். வேறு ஊராக இருந்தால் யாராவது முகர்ந்து பார்த்தே கண்டுபிடித்திருப்பார்கள். எங்கள் ஊரில் பிறந்ததிலிருந்து எல்லோர் மூக்கிலும் அந்த வாசனைதான், அதனால் எவர் மூக்குக்கும் அது தெரியாது. எல்லாக் குறையும் கண்டுபிடித்த பார்ட்டிக்கு இது மட்டும் தெரியாமல் போனது.

என் கையைத் துடைத்துப் பார்த்தார்கள், முக்காட்டைத் துடைத்துப் பார்த்தார்கள், கைப்பையைக் கவிழ்த்துப் பார்த்தார்கள். அதிலெல்லாம் மெஷின் கத்தவில்லை. ஊர், பெயர், எங்கே போகிறேன், யாரைப் பார்க்க என்று ஒன்று விடாமல் கேட்டார்கள். மகளுக்குப் பிரசவ வலி என்று சொன்னேன். பெரிய அதிகாரி அந்தப் பெண்ணிடம் இந்தியில் ஏதோ சொல்லிவிட்டு நகர்ந்தார்.

"அம்மா, நீங்க போகலாம். இது போக முடியாது" என்றது அந்தப் பெண். "சோதிச்சு முடிச்சு, வெளியில ஒங்க ஆள் இருந்தா அவர்கிட்டக் குடுத்துருவோம். ஒங்களுக்கு ஏறுற நேரம் வந்துருச்சு. என்ன செய்யுறீங்க?"

என்ன செய்கிறேன்? திரும்பிப் போக இதைவிட நல்ல காரணம் எனக்கு எந்தக் காலத்திலும் கிடைக்காது. அரசாங்கமே தடுத்துவிட்டது என்று சொல்லலாம். ஒருத்தரும் குறை சொல்ல மாட்டார்கள். அவர் வாசலில்தான் நிற்கிறார். சுமைராகூட "சரிம்மா, விடு" என்றுதான் சொல்வாள்.

அந்த 'விடு'வை இன்னொரு தடவை என்னால் கேட்க முடியாது.

மேசையின் மேல் கிடந்த ஜம்போவைப் பார்த்தேன். மூடி திறந்திருந்தது. என் பச்சை நூல் இறக்கைக்கு நேராக இருந்தது. இதில் நான் கேட்காத கேள்வி ஏதாவது மிச்சம் இருக்கிறதா? கதவு எங்கே, சக்கரம் எத்தனை, இறக்கை ஏன் வளைகிறது, ஒரு எஞ்சின் நின்றால் என்ன செய்வார்கள், எல்லாம் எனக்குத் தெரியும். கையில் இது இல்லாவிட்டால்தான் என்ன?

"ஒரு பேனா குடும்மா" என்றேன்.

"எதுக்கும்மா?"

"கையெழுத்துப் போடணும்."

"எங்களுக்கு ஒண்ணும் வேண்டாம்மா, நீங்க போங்க."

"ஒங்களுக்கு இல்ல, தாயி. செஞ்சவருக்கு."

என்ன நினைத்ததோ, சட்டைப் பையிலிருந்து பேனாவை எடுத்துக் கொடுத்தது. ஜம்போவைக் கவிழ்த்து, அதன் வயிற்றில் எழுதினேன்: 'ஓகே. அர்ஜன்ட்.' கீழே கமருன்னிசா என்று கையெழுத்துப் போட்டேன். அவசரத்தில் கொஞ்சம் கோணலாக விழுந்தது. பேனாவைக் கொடுத்துவிட்டுத் திரும்பிப் பார்க்காமல் நடந்தேன்.

விமானத்தில் எனக்குக் கிடைத்தது சன்னலோரம். முசீபத்து, எது வேண்டாம் என்றேனோ அதுவே வந்து வாய்த்தது. மேலே தூக்கியபோது கண்ணை இறுக்கி மூடிக்கொண்டேன். பக்கத்தில் இருந்தவரின் சட்டைக் கையைப் பிடித்துவிட்டேன், பாவம். கண்ணைத் திறந்தபோது இறக்கை தெரிந்தது. வளைந்தது. வளையத்தான் செய்யும் என்று எனக்குத் தெரியும். அதற்குக் கீழே எஞ்சின் ஒன்று தெரிந்தது. இன்னொன்று அந்தப் பக்கம் இருக்கிறது. நான் சட்டைக் கையை விட்டுவிட்டு, அந்த மனுஷரிடம் மன்னிப்பும் கேட்டுக்கொண்டேன்.

நவ்ஷாத் காரை எடுத்துக்கொண்டு வந்திருந்தார். நேராக ஆஸ்பத்திரிக்குப் போனோம். சுமைரா தலையணையில் முகத்தைத் திருப்பிப் படுத்திருந்தாள். நான் பேர் சொல்லிக் கூப்பிட்டதும் திரும்பினாள். "வந்துட்டியாம்மா" என்று என் கையைப் பிடித்தாள் பாருங்கள், எலும்பு நொறுங்கிப் போகும் போல இருந்தது. அந்தப் பிடியை விடாமலேயே பெற்றெடுத்தாள். பெண் குழந்தை, மாஷா அல்லாஹ், நல்ல நிறைந்த எடை.

சிவகாசிக்கு வீடியோ கால் போட்டோம். எடுத்ததும் அவர் முகம் தெரியவில்லை. ஜம்போவின் வயிறுதான் தெரிந்தது, என் கோணல் கையெழுத்தோடு. அதற்குப் பின்னாலிருந்து பாண்டிமுருகனின் குரல்: "மதினி, ஏர்போர்ட்டுல எங்கள உக்கார வச்சு மணிக்கணக்காக் கேள்வி கேட்டாக. பாய் எல்லாத்துக்கும் பதில் சொல்லிட்டு, 'அது பார்ட்டி ஓகே பண்ணுன டம்மி, பத்திரமாக் குடுங்க'ன்னு மட்டும் சொல்லிக்கிட்டே இருந்தாக."

"அதக் கீள வைங்க" என்றேன். ஜம்போ விலகி அவர் முகம் வந்தது. நான் துணியை விலக்கிப் பேத்தியைப் போனுக்கு முன்னால் பிடித்தேன். மூக்கு, கண், மடங்கிக் கிடந்த விரல்கள் என்று ஒவ்வொன்றாகப் பார்த்தார். டம்மியைப் பார்க்கிற மாதிரியே, அவசரமில்லாமல், எதையும் விடாமல் பார்த்தார். நான் பிடித்த கை வலிக்க ஆரம்பித்துவிட்டது.

"என்னங்க, ஏதாவது சொல்லுங்க."

கண்ணைத் துடைத்துக்கொண்டார்.

"திருத்தம் ஒண்ணும் இல்ல" என்றார்.